18446744073709551615: அறுபத்து நான்கு ஒன்றுகளால் ஆன எண்

கேள்வி: 18446744073709551615 என்ற எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். 3, 5, 17 ஆகிய மூன்றும் கையால் வகுத்தே கிடைத்துவிட்டன. அதற்குப் பிறகு நகரவில்லை. கால்குலேட்டரில் போட்டால் கடைசி இலக்கம் 6 என்று காட்டுகிறது, வர்க்கமூலம் எடுத்தால் சரியாக 4294967296 வருகிறது. அப்படியானால் இது முழு வர்க்கமா? இந்த எண்ணுக்கு வேறென்ன தன்மைகள் உண்டு?

பதில்:

இது முழு வர்க்கம் இல்லை. கால்குலேட்டர் வர்க்கமூலம் எடுத்தது உங்கள் எண்ணுக்கு அல்ல, அதற்கு அடுத்த எண்ணுக்கு. அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். எண் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே பதில் வந்துவிடும். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இருபது இலக்க எண்ணை நம் வழக்கப்படி படிக்கக் கடைசியிலிருந்து ஏழு ஏழு இலக்கமாகப் பிரியுங்கள்: 184467 | 4407370 | 9551615. அதாவது ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நாலு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்று ஐந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. இலக்கங்களைக் கூர்ந்து பார்த்தால் 2 மட்டும் எங்கும் இல்லை, மற்ற ஒன்பதும் இருக்கின்றன. இத்தனைக்கும் இது இரண்டின் அடுக்கிலிருந்து பிறந்த எண்.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் மொத்தம் இதுதான். 1 + 2 + 4 + … + 2⁶³ என்ற பெருக்குத்தொடரின் கூடுதல் 2⁶⁴ − 1. ஆயிரமாவது ஆண்டை ஒட்டி எழுதிய அல்-பிருனி இதே எண்ணைக் கணக்கிட்டுத் தந்திருக்கிறார். ஆயிரம் அரிசி மணிகள் 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், பலகையில் சேருவது சுமார் 46,000 கோடி டன் அரிசி. உலகம் முழுவதும் இப்போது ஓராண்டில் விளையும் அரிசி ஏறக்குறைய 50 கோடி டன். 1883இல் எட்வார் லூக்கா வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரிலும் 64 வட்டுகளை இடம் மாற்றக் குறைந்தது இத்தனை நகர்த்தல்கள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,500 கோடி ஆண்டுகள் ஆகும்.

ஆகவே எண்ணை 2⁶⁴ − 1 என்று எழுதிக்கொள்ளுங்கள். இருமத்தில் 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். நான்கடிமானத்தில் 32 மூன்றுகள். எட்டடிமானத்தில் ஒரு 1, அதன்பின் 21 ஏழுகள்.

எடுத்த எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் பிறகு செய்வதெல்லாம் வீண். எனவே இது உண்மையிலேயே 2⁶⁴ − 1தானா என்று கையால் சரிபார்த்துவிடுவோம். 2⁸ = 256, 2¹⁶ = 65536, 2³² = 4294967296. கடைசி எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். 42949 | 67296 என்று ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்து மூன்று பெருக்கல்கள் செய்தால் போதும்:

42949² = 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296² = 4528751616

முதல் விடைக்குப் பின் பத்துப் பூச்சியம், இரண்டாவதற்குப் பின் ஐந்து பூச்சியம் சேர்த்து மூன்றையும் கூட்டுங்கள்:

18446166010000000000
+ 578059180800000
+ 4528751616
= 18446744073709551616

இதில் ஒன்றைக் கழித்தால் உங்கள் எண். கூட்டுவதில் ஏதாவது இலக்கம் பிசகியிருந்தால் அதைப் பிடிக்க ஒன்பதால் சோதித்துக்கொள்ளலாம். 2⁶⁴-இன் இலக்கக் கூடுதல் 88; 8 + 8 = 16; 1 + 6 = 7. மறுபக்கம் 2⁶ = 64-ஐ 9ஆல் வகுக்க மீதி 1. 64-ஐ 6ஆல் வகுத்தால் மீதி 4, ஆகவே 2⁶⁴-இன் மீதியும் 2⁴ = 16-இன் மீதியும் ஒன்றே: 7. பொருந்துகிறது. 11ஆலும் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் ஒன்பதுச் சோதனைக்கு அது தெரியாது. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 38 வரும், 11ஆல் வகுக்க மீதி 5. 2¹⁰-இன் மீதி 1 என்பதால் 2⁶⁴-இன் மீதி 2⁴ = 16-இன் மீதி, அதுவும் 5.

இனி காரணிகள். 3, 5, 17 மூன்றாலும் வகுத்தபின் உங்கள் கையில் 72340172838076673 மிஞ்சியிருக்கும். அதற்கு அடுத்த பகாக் காரணி 257. சிறிய எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போனால் 19 தொடங்கி 251 வரை 47 பகா எண்களால் வகுத்து, 47 முறையும் மீதி வருவதைப் பார்க்க வேண்டும். நீங்கள் தேங்கி நின்றது இங்கேதான். பள்ளியில் படித்த அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) என்ற முற்றொருமை அந்த வேலை முழுவதையும் மிச்சப்படுத்தும்:

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)
2³² − 1 = (2¹⁶ − 1)(2¹⁶ + 1)
2¹⁶ − 1 = (2⁸ − 1)(2⁸ + 1)
2⁸ − 1 = (2⁴ − 1)(2⁴ + 1)
2⁴ − 1 = (2² − 1)(2² + 1) = 3 × 5

மேலிருந்து கீழே கோத்தால்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறு எண்களும் ஃபெர்மா எண்கள் எனப்படும் வரிசையைச் சேர்ந்தவை (2¹ + 1, 2² + 1, 2⁴ + 1 என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் வருபவை). இந்த வரிசையில் எல்லாமே பகா எண்களாக இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பியர் த ஃபெர்மா நம்பினார். ஆறாவதில் அந்த நம்பிக்கை உடைந்தது. 1732இல் ஆய்லர் 4294967297-ஐ 641 வகுக்கும் என்று காட்டினார்:

4294967297 = 641 × 6700417

641 எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விடையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் பாடங்கள்தான் அதிகம். அது கண்மூடித் தேடிக் கிடைத்த எண் இல்லை. ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை மட்டும் பார்த்தால் 2³² என்பது −1 ஆகும், 2⁶⁴ என்பது 1 ஆகும். அதாவது 2-இன் அடுக்குகள் முதன்முதலில் 1-க்குத் திரும்புவது 64ஆவது அடுக்கில்தான்; அதற்கு முன்னால் திரும்பியிருந்தால் 32ஆவது அடுக்கில் −1 வந்திருக்காது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, பகா எண்ணில் ஒன்று குறைந்த அடுக்கில் 1 வந்தே தீரும். ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 64-இன் மடங்கு. இன்னும் ஒரு படி இறுக்கலாம். 8ஆல் வகுக்க மீதி 1 தரும் எந்தப் பகா எண்ணுக்கும் 2 ஒரு வர்க்க மீதி, அதாவது மீதிகளில் 2 ஏதோ ஓர் எண்ணின் வர்க்கமாக வரும். 2 என்பது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கம் என்றால், அந்த எண்ணின் அடுக்குகள் 1-க்குத் திரும்ப 128 படிகள் வேண்டும். எனவே தேட வேண்டிய பகா எண்கள் எல்லாம் 128-இன் மடங்கோடு 1 கூட்டியவை.

அந்த வரிசை: 129, 257, 385, 513, 641. இவற்றில் 129 = 3 × 43, 385 = 5 × 7 × 11, 513 = 27 × 19. மூன்றும் கழிந்தன. 257 ஏற்கெனவே வேறொரு ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக்காரணி இருக்க முடியாது, ஏனென்றால் முந்தைய எல்லாவற்றையும் பெருக்கினால் அடுத்ததில் 2 குறைந்த எண் வரும் (3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295). பொதுக்காரணி இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும். ஆனால் எல்லாமே ஒற்றை எண்கள். எனவே வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641. ஒரே ஒரு வகுத்தல்!

அந்த ஒரு வகுத்தலும் வேண்டாம் என்றால் இதோ அழகான நிறுவல். 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. 641ஆல் வகுத்த மீதிகளில் முதல் வடிவம் 5 × 2⁷ = −1 என்கிறது. இரு பக்கமும் நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ = 1. இரண்டாம் வடிவம் 5⁴ = −2⁴ என்கிறது. பொருத்தினால் −2³² = 1, ஆகவே 2³² + 1-இன் மீதி 0. பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்லை.

மிஞ்சிய 6700417 பகா எண்தானா? இதைச் சோதிக்காமல் நிறுத்துவது இவ்வகைக் கணக்குகளில் வழக்கமான ஓட்டை. அதன் வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில் இருக்கிறது (2588² = 6697744, 2589² = 6702921). சாதாரணமாக 2588 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும், முந்நூற்றுக்கும் மேல். ஆனால் இதன் காரணியும் 2³² + 1-இன் காரணியே என்பதால் 128 விதி இங்கும் செல்லும். 129 முதல் 2561 வரை அந்த வடிவில் இருபது எண்கள்தான் உண்டு, அவற்றுள் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியம் இல்லை. 6700417 பகா எண்தான்.

முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

7, 11, 13, 19 போன்றவை ஏன் இதில் இடம்பெறவே முடியாது என்பதும் இப்போது விளங்கும். ஓர் ஒற்றைப் பகா எண் 2⁶⁴ − 1-ஐ வகுக்க வேண்டுமானால், அதனால் வகுத்த மீதிகளில் 2-இன் அடுக்குகள் 1-க்குத் திரும்பும் சுற்றின் நீளம் 64-இன் காரணியாக இருக்க வேண்டும். 7-க்குச் சுற்று 3, 11-க்கு 10, 13-க்கு 12. மூன்றும் 64-ஐ வகுக்காது. நம் ஏழு பகா எண்களின் சுற்றுகள்: 3-க்கு 2, 5-க்கு 4, 17-க்கு 8, 257-க்கு 16, 65537-க்கு 32, கடைசியாக 641-க்கும் 6700417-க்கும் 64. இரட்டித்துக்கொண்டே போகும் ஏணியில் கடைசிப் படியில் மட்டும் இருவர் நிற்கிறார்கள்.

ஏழு காரணிகளும் வெவ்வேறானவை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே மொத்த வகுத்திகள் 2⁷ = 128. முழு வர்க்கமாக இருந்தால் வகுத்திகளின் எண்ணிக்கை ஒற்றையாக இருக்கும், எனவே இதுவே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் ஒரு நிறுவல். இன்னும் எளிதாகச் சொன்னால், இந்த எண் 4294967295 × 4294967297. நடுவில் இருக்கும் 4294967296-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. ஒன்றுக்கு மேற்பட்ட முழு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் இன்னொரு முழு வர்க்கம் கிடைக்காது.

வகுத்திகள் அனைத்தின் கூடுதல் 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418. எண்ணோடு ஒப்பிட்டால் சுமார் 1.7034 மடங்கு. இரண்டு மடங்கை எட்டாததால் இது குறை எண் வகை.

1 முதல் இந்த எண் வரை, இதனோடு பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பதற்கு ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416 = 9208981628670443520. மொத்தத்தில் 49.92 விழுக்காடு. முதல் ஐந்து ஃபெர்மா பகா எண்களை மட்டும் எடுத்தால் (4294967295-க்கு) இந்த எண்ணிக்கை மிகச்சரியாக 2³¹. 641-உம் 6700417-உம் உள்ளே வந்ததும்தான் 5, 3 போன்ற காரணிகள் நுழைந்து அந்தச் சுத்தமான இரண்டின் அடுக்கைக் கலைக்கின்றன.

அந்தக் கலைப்புக்கு வடிவியலில் நேரடி விளைவு உண்டு. 1796இல் கவுஸ் ஒழுங்கான 17 பக்கப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று கண்டார். ஒற்றை எண்ணிக்கைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை இப்படி வரைய முடியவேண்டுமானால், அந்த எண் வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை கட்டாயம் என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். ஆகவே பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையாக உள்ள ஒழுங்குப் பலகோணங்களில், இன்று தெரிந்தவற்றுள் வரையத்தக்க மிகப்பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. உங்கள் எண்ணின் 128 வகுத்திகளில் 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று தொடங்கி 31 வகுத்திகள் இந்தத் தகுதி பெறும். 641 கலந்த எதுவும் பெறாது.

பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றை எண் வரும் இடத்தில் 1, இரட்டை எண் வரும் இடத்தில் 0 என்று எழுதி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று இதே வரிசை வரும். உச்சியைப் பூச்சியமாவது வரி என்று கொண்டால் 63ஆவது வரியில் 64 எண்கள் இருக்கும், அத்தனையும் ஒற்றை. அந்த வரிதான் உங்கள் எண். எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த இடம் இது.

வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. 4ஆல் வகுக்க மீதி 3 தரும் பகாக் காரணியான 3 ஒரே ஒரு முறை வருவதால் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. 8ஆல் வகுக்க மீதி 7 (கடைசி மூன்று இலக்கமான 615-ஐ 8ஆல் வகுத்தால் போதும்), எனவே மூன்று வர்க்கங்களும் போதாது. எந்த எண்ணுக்கும் நான்கு போதும் என்பது லக்ராஞ்சின் தேற்றம். இந்த எண்ணுக்கு அந்த நான்கையும் கையாலேயே கண்டுபிடிக்கலாம். 3 நீங்கலான பகுதி ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கம், ஒவ்வொன்றும் ஒரு வர்க்கத்தோடு 1 கூட்டியது: 2² + 1, 4² + 1, 16² + 1, 256² + 1, 65536² + 1. இரண்டு வர்க்கக் கூடுதல்களைப் பெருக்கினால் இன்னொரு வர்க்கக் கூடுதல் வரும் என்ற பழைய முற்றொருமையை, பிரம்மகுப்தர் பெயரால் அறியப்படுவதை, நான்கு முறை பயன்படுத்துங்கள். முதல் இரண்டைப் பெருக்க 7² + 6² = 85. அதை அடுத்ததால் பெருக்க 106² + 103² = 21845. அடுத்து 27033² + 26474² = 1431655765. கடைசியாக 1771608214² + 1735027097². இதை 3ஆல் பெருக்க, 3(அ² + ஆ²) = (அ + ஆ)² + (அ − ஆ)² + அ² + ஆ² என்பது உதவும்:

18446744073709551615 = 3506635311² + 36581117² + 1771608214² + 1735027097²

கடைசி இலக்கங்களை மட்டும் பார்த்தாலே 1 + 9 + 6 + 9 = 25, கடைசியில் 5 என்று பொருந்துவது தெரியும்.

இப்போது கால்குலேட்டர் விஷயம். பல கால்குலேட்டர் செயலிகளும் நிரல்மொழிகளும் பின்ன எண்களை 53 பிட் (இரும இலக்கம்) துல்லியத்தில் வைக்கின்றன. உங்கள் எண்ணுக்கு 64 பிட்டும் வேண்டும், அத்தனையும் ஒன்று. 2⁶³-க்கும் 2⁶⁴-க்கும் இடையில் அந்த முறையில் எழுதக்கூடிய எண்கள் 2048 இடைவெளி விட்டே வருகின்றன: 18446744073709549568, அதற்கடுத்தது 18446744073709551616. நடுவில் ஒன்றும் கிடையாது. உங்கள் எண் அருகிலிருக்கும் இரண்டாவதில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது 2⁶⁴, அதன் வர்க்கமூலம் 4294967296. நீங்கள் பார்த்தது இதைத்தான். ஒற்றை எண் இரட்டை எண்ணாகவே மாறிவிட்டது, இனி வகுபடுதலைச் சோதிப்பதில் பொருளில்லை.

எக்செல்லில் தட்டச்சு செய்தால் நிலை வேறு. அது முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு 18446744073709500000 ஆக்கிவிடும். அதை 641ஆல் வகுத்தால் மீதி 306 வரும், 641 காரணியே இல்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2⁶⁴ கேட்டால் 18446744073709552000 என்று அச்சாகும். அங்கே 9007199254740991-ஐத் தாண்டிய முழு எண்ணுக்கு பிக்இன்ட் வகைதான் பாதுகாப்பு. பைத்தானில் முழு எண்ணுக்கு வரம்பில்லை, ஆனால் ஒற்றைச் சாய்கோடு ( / ) போட்டு வகுத்தால் உடனே பின்ன எண்ணாகித் துல்லியம் போய்விடும். இரட்டைச் சாய்கோடும் ( // ) மீதிக்குறியும் ( % ) மட்டும் பயன்படுத்துங்கள். வர்க்கமூலத்துக்கும் முழு எண் வர்க்கமூலச் சார்பையே கூப்பிடுங்கள். அது 4294967295 என்று சரியாகச் சொல்லும்.

சி போன்ற மொழிகளில் குறியில்லாத 64 பிட் மாறியில் இடம்பெறும் மிகப்பெரிய எண் இதுவே. ஒன்றைக் கூட்டினால் பூச்சியத்துக்குத் திரும்பும். அதே 64 ஒன்றுகளைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் −1. ஏதாவது பதிவுக் கோப்பில் 18446744073709551615 என்று அளவோ எண்ணிக்கையோ தென்பட்டால், எங்கோ ஒரு −1 குறியில்லாத மாறியில் போய் விழுந்திருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். பிழையைத் திருப்பித் தெரிவிக்கும் −1-ஐச் சோதிக்காமல் விட்டதோ, பூச்சியத்திலிருந்து ஒன்றைக் கழித்ததோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இந்தக் காரணிகள் கையில் இருப்பதால் நேரடிப் பயன் என்ன என்றால், 64 பிட் நகர்வுப் பதிவேடுகளால் (ஒவ்வோர் அடியிலும் பிட்டுகளை நகர்த்திக் கலக்கும் அமைப்புகளால்) சமவாய்ப்பு எண் உருவாக்கும் முறைகளைச் சொல்லலாம். எல்லாம் பூச்சியமாக உள்ள நிலை அங்கேயே சிக்கிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்த்தால் 2⁶⁴ − 1 நிலைகள். அந்த உருவாக்கி அத்தனை நிலைகளையும் தொட்டுவிட்டுத்தான் தொடக்கத்துக்குத் திரும்புகிறதா என்று ஓட்டிப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக, ஒரு நிலையை அடுத்த நிலையாக்கும் நிலைமாற்ற அணியை 2⁶⁴ − 1 அடுக்குக்கு உயர்த்தினால் அலகு அணி வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அந்த அடுக்கை ஏழு பகாக் காரணிகள் ஒவ்வொன்றாலும் வகுத்து, வரும் ஏழு அடுக்குகளில் எதிலும் அலகு அணி வரவில்லை என்று உறுதிசெய்வார்கள். 641-ஐ விட்டுவிட்டு ஆறுக்கு மட்டும் சோதித்தால், 641இல் ஒரு பங்கு நீளத்திலேயே சுற்று முடிந்துவிடும் உருவாக்கியும் தேறிவிடும். முழுச் சுற்று தரும் 64ஆம் படி முதன்மைப் பல்லுறுப்புக் கோவைகளின் எண்ணிக்கையும் மேலே கண்ட எண்ணிலிருந்தே வருகிறது: 9208981628670443520 ÷ 64 = 143890337947975680.

அண்டை எண்களையும் பார்த்துவிடலாம். இதற்குக் கீழே உள்ள பகா எண் 18446744073709551557, மேலே உள்ளது 18446744073709551629. ஆக, 72 இடைவெளிக்குள் இது பகா எண்கள் இல்லாமல் தனியே நிற்கிறது. இரண்டு கூட்டினால் வரும் 18446744073709551617 அடுத்த ஃபெர்மா எண், 2⁶⁴ + 1. அதன் காரணிகளை லாண்ட்ரி 1880இல் வெளியிட்டார்: 274177 × 67280421310721. அடுத்ததாக 2¹²⁸ − 1-ஐப் பிரிக்கச் சொன்னால் ஏழு காரணிகள் ஏற்கெனவே உங்களிடம் உள்ளன, இந்த இரண்டையும் சேர்த்தால் போதும். கையால் தேடிப் பார்க்க விரும்பினால், அங்கே விதி 256-இன் மடங்கோடு 1. 274177 = 256 × 1071 + 1, அதாவது வரிசையில் 1071ஆவது எண்ணில்தான் அது அகப்படும்.